ஆபத்து வேளையும் ஆம்புலன்ஸ் ஊழியரும்

விடியற்காலையில் பிரட்டுக்களத்தில் பேர் கொடுத்துவிட்டு வேலைக் காட்டிற்குச் சென்ற தொழிலாளி ஒருவரைப் பால்மர நிரையின் நடுவே பாம்பு தீண்டிவிட்டது என்று வைத்துக்கொள்வோம். உடனிருப்போர் பதறுகின்றனர். ஒருவர் காலை இறுகக் கட்டக் கயிறு தேடுகிறார். மற்றொருவர் கடிவாயைக் கத்தியால் கீற முற்படுகிறார். வேறொருவர், மோட்டார் சைக்கிளில் ஏற்றிச் சென்றுவிடலாம் என்கிறார். மூவரும் நல்லெண்ணத்துடனேயே செயல்படுகின்றனர். ஆயினும், அங்கே முதலில் செய்ய வேண்டியது இம்மூன்றில் எதுவும் அன்று. 999 என்னும் எண்ணை அழைத்து உதவி கோருவதே ஆகும்.

ஆம்புலன்ஸ் என்றால் நோயாளியைப் படுக்க வைத்து விரைந்தோடும் வண்டி என்றே நம்மில் பலர் எண்ணுகிறோம். ஒரு காலத்தில் முன்னேறிய நாடுகளிலும் அதுவே நிலை. அமெரிக்காவில் ஏறக்குறைய பாதி ஆம்புலன்ஸ் சேவையை ஈமக்கிரியை நிலையத்தாரே நடத்தி வந்தனர் என்று 1966-ஆம் ஆண்டு வெளிவந்த அறிக்கையொன்று எடுத்துக் காட்டியது. ஒருவரைப் படுக்க வைத்து ஏற்றத்தக்க நீண்ட வண்டி அவர்களிடம் இருந்தது. சிகிச்சைப் பயிற்சியோ பெரும்பாலோரிடம் இல்லை. அதே 1966-ஆம் ஆண்டில் வட அயர்லாந்தின் பெல்ஃபாஸ்ட் நகரில் டாக்டர் பிராங்க் பேன்ட்ரிட்ஜ் என்பார், தாறுமாறாகத் துடிக்கும் இதயத்தை மின்னதிர்ச்சியால் சீராக்கும் கருவியை ஆம்புலன்ஸ் வண்டியிலேயே ஏற்றி நோயாளி இருக்குமிடத்திற்கு அனுப்பினார். சிகிச்சை மருத்துவமனை வாசலில் அன்று, நோயாளி விழுந்த இடத்திலேயே தொடங்க வேண்டும் என்னும் கருத்து இவ்வாறு வலுப்பெற்றது. பயிற்சி பெற்ற ஆம்புலன்ஸ் ஊழியர் என்னும் தனித் தொழிலும் வளர்ந்தது.

தோட்ட மக்களாகிய நமக்கு இக்கருத்து முற்றிலும் புதிதன்று. டாக்டர் வாராத நாட்களிலும் காயத்திற்கு மருந்திட்டுக் காய்ச்சலைக் கவனித்த ‘டிரஸர்’ ஐயாவை நம் மூத்தோர் நன்கறிவர். அத்தகையோரைப் பதிவு செய்வதற்கென 1965-ஆம் ஆண்டில் தோட்ட மருத்துவமனை உதவியாளர் பதிவுச் சட்டம் இயற்றப்பட்டது. 1977-இல் மருத்துவ உதவியாளர்களுக்கும் தனிச் சட்டம் வந்தது. இன்று அரசாங்க மருத்துவமனைகளின் ஆம்புலன்ஸில் வருபவர் பெரும்பாலும் அம்மரபில் வந்த உதவி மருத்துவ அதிகாரியே ஆவார்.

அவர் வந்ததும் நோயாளியைத் தூக்கி வண்டியில் போடாமல் சற்றே நின்று பார்ப்பது கண்டு சிலர் சினங்கொள்வதுண்டு. அது தாமதமன்று. மூச்சுக்குழல் திறந்துள்ளதா, மூச்சு சீராக உள்ளதா, இரத்தம் பெருக்கெடுக்கிறதா என்பவற்றை அவர் வரிசையாக ஆராய்கிறார். மரத்திலிருந்து விழுந்தவராயின், கழுத்தையும் முதுகெலும்பையும் அசையாமல் நிறுத்துகிறார். பாம்புக் கடியாயின், மூச்சு தளர்கிறதா என்று வழிநெடுகக் கவனிக்கிறார். நல்ல பாம்பு, கட்டுவிரியன் ஆகியவற்றின் நஞ்சு மூச்சையே நிறுத்தவல்லது. நோயாளியின் நிலையை மருத்துவமனைக்கு முன்கூட்டியே தெரிவிப்பதால், அங்கே மருத்துவர்கள் ஆயத்தமாகக் காத்திருக்கின்றனர்.

எனினும், இச்சங்கிலியின் முதற் கண்ணி நாமே. தீயணைப்புக்கு 994 என முன்னர் இருந்த தனி எண்ணும் 2007-ஆம் ஆண்டில் 999-இன் கீழ் ஒன்றிணைக்கப்பட்டது. இதனை அழைக்கக் கட்டணமில்லை. அழைப்பவர் முதலில் கூற வேண்டியது இடம். நகரத்து வீட்டிற்கு எண்ணும் தெருப்பெயரும் உண்டு; நம் வேலைக் காட்டிற்கு அவை இல்லை. ஆகவே தோட்டத்தின் பெயர், டிவிஷன், அருகிலுள்ள பட்டணம், பெரிய சாலையிலிருந்து திரும்பும் இடம், அங்குள்ள கோயில் அல்லது பள்ளி போன்ற அடையாளம் ஆகியவற்றைத் தெளிவாகச் சொல்லுதல் வேண்டும். பின்னர், என்ன நேர்ந்தது, எத்தனை பேர், நினைவும் மூச்சும் உள்ளனவா என்ற வினாக்களுக்கு விடையளிக்க வேண்டும். எதிர்முனையில் இருப்பவர் போதும் என்று கூறும்வரை தொலைபேசியை வைத்துவிடலாகாது.

அடுத்து, ஒருவர் முச்சந்திக்குச் சென்று வண்டிக்கு வழிகாட்ட வேண்டும். இருட்டு வேளையாயின் டார்ச் விளக்கு தேவை. தோட்டத்து வாயில் பூட்டியிருந்தால் திறந்து வைத்தல் வேண்டும்.

காத்திருக்கும் வேளையில் செய்யத்தக்கவையும் உண்டு. பாம்பு தீண்டியவரை நடக்க விடாமல், கடிபட்ட உறுப்பை அசையாது வைக்க வேண்டும்; கட்டுதல், கீறுதல், உறிஞ்சுதல் கூடா. இரத்தம் பெருகும் காயத்தைத் தூய துணியால் அழுத்திப் பிடிக்க வேண்டும். நினைவும் மூச்சும் இழந்தவரின் நடுமார்பில் நிமிடத்திற்கு 100 முதல் 120 தடவை வரை வலுவாக அழுத்தி வர வேண்டும். இதனைத் தோட்டத்தில் சிலரேனும் முறைப்படி கற்றிருத்தல் நலம்.

இன்று மாலையே ஒரு காரியம் செய்வோம். நம் லயத்திற்கு வரும் வழியை இரண்டு மூன்று வரிகளில் தெளிவாக எழுதித் தொலைபேசி அருகிலோ சுவரிலோ ஒட்டி வைப்போம். பிள்ளைகளுக்கும் அதனைச் சொல்லிக் கொடுப்போம். ஆபத்து வேளையில் அறிந்த வழியும் நாவிற்கு வாராது. அன்று அந்த வரிகளைப் படித்துச் சொல்லும் ஒரு சிறுமியின் குரல் ஓர் உயிரைக் காக்கக்கூடும்.