நேர்முகத் தேர்வில் தோற்கும் திறமை

விடை தெரிந்திருந்தும் வகுப்பில் எழுந்து சொல்லக் கூசும் மாணவியரை நாம் அறிவோம். கணினி நிரல் எழுதுவோரிலும் இத்தகையோர் உண்டு. நிரல் எழுதுவது பெரும்பாலும் தனிமையில் செய்யும் வேலை. எழுதி, இயக்கிப் பார்த்து, பிழை கண்டு, திருத்தி, மீண்டும் இயக்கி என மணிக்கணக்கில் நீளும். ஆனால் வேலைக்கான நேர்முகத் தேர்விலோ, வெண்பலகை முன் நிறுத்தி, முன்பின் அறியாதவர் பார்த்துக்கொண்டிருக்க, நினைப்பதையெல்லாம் வாய்விட்டுச் சொல்லிக்கொண்டே எழுதச் சொல்கிறார்கள்!

அமெரிக்காவின் வட கரோலினா மாநிலப் பல்கலைக்கழகத்தாரும் மைக்ரோசாஃப்ட் நிறுவனத்தாரும் இதனை ஆராய்ந்து 2020-இல் முடிவை வெளியிட்டனர். கணினி அறிவியல் பயிலும் 48 பேரில் ஒரு பிரிவினர் தேர்வாளர் எதிரில் பேசிக்கொண்டே எழுதினர். மற்றவர் தனியறையில் எழுதினர். தேர்வாளர் எதிரில் எழுதியோரின் திறன் பாதிக்கும் கீழே சென்றது. அவர்களுள் பெண்கள் ஒருவரும் தேறவில்லை; தனியறையில் எழுதிய பெண்கள் அனைவரும் தேறினர். பெண்களின் எண்ணிக்கை குறைவாதலால் இதை முடிந்த முடிவாகக் கொள்ளலாகாது என்று ஆய்வாளரே கூறினர். ஆயினும் என்னால் இதை மறக்க இயலவில்லை.

குழுவில் வேலை செய்பவருக்குப் பேசத் தெரிய வேண்டாமா என்பர் சிலர். வேண்டும்தான். ஆனால் செய்து முடித்ததை விளக்குவது வேறு. பிறர் கண்ணெதிரே யோசிப்பது வேறு. சில நிறுவனங்கள் வீட்டிலிருந்தே எழுதி அனுப்பச் சொல்கின்றன. கைக்குழந்தை உள்ள தாய்க்கு அதற்கு நேரம் ஏது? கேள்வியைக் கொடுத்து அரைமணி தனியே விட்டு, பின்னர் வந்து விளக்கச் சொல்லலாமே!