'ஒர்க்' என்றால் வேலை மட்டும்தானா?



சில ஆண்டுகளுக்கு முன், கல்லூரி முதலாண்டு மாணவர்களின் இயற்பியல் விடைத்தாள்களைத் திருத்திக் கொண்டிருந்தேன். 20 கிலோகிராம் நிறையுள்ள மூட்டையை 1.5 மீட்டர் உயரத்துக்குத் தூக்குவது பற்றி ஓர் எளிய கணக்கு. வினா 'ஒர்க் அவுட் தி ஒர்க் டன்' என்று தொடங்கியது. ஒரு மாணவர் அதைத் தொடவே இல்லை. அதைவிடக் கடினமான கணக்குகளையெல்லாம் பிழையின்றிப் போட்டிருந்தார். அழைத்துக் கேட்டேன்.

"பள்ளியில் தமிழில்தான் படித்தேன், ஐயா. ஒர்க் என்றால் வேலை என்று தெரியும். ஒர்க் அவுட் என்பது நாம் படிக்காத வேறொரு வகை வேலை என்று எண்ணி விட்டுவிட்டேன்" என்றார்.

'ஒர்க் அவுட்' என்றால் 'கணக்கிட்டு விடை காண்' என்று பொருள். 20 × 9.8 × 1.5 = 294 ஜூல் என்று ஒரு வரி எழுதியிருந்தால் ஐந்து மதிப்பெண்கள் கிடைத்திருக்கும். அவர் அவற்றை இழந்தது இயற்பியல் தெரியாததால் அன்று. ஒரு சிறு சொல் தெரியாததால்! உங்களுக்கும் அப்படி நேரக்கூடாது அல்லவா? அந்தச் சொல்லைச் சற்று ஆராய்வோம்.

இயற்பியலில் 'ஒர்க்'

விசையையும், அவ்விசையின் திசையில் பொருள் நகர்ந்த தொலைவையும் பெருக்கினால் கிடைப்பது வேலை. இந்தத் திட்டமான பொருளில் அச்சொல்லை 1829ஆம் ஆண்டு தமது நூலில் ஆண்டவர் பிரெஞ்சு அறிஞர் கொரியோலிஸ். மூட்டையைத் தலையில் தாங்கி அசையாமல் நின்றால் மூட்டையின்மீது நடந்த வேலை சுழி. பின் ஏன் வியர்க்கிறது? தசை இழைகள் இடைவிடாது சுருங்கித் தளர்கின்றன. உடலின் வேதி ஆற்றல் வெப்பமாக மாறுகிறது. அதனால்தான் களைப்பு.

அன்றாட ஆங்கிலத்தில்

'தி மோட்டார் ஒர்க்ஸ்' என்றால் மோட்டார் இயங்குகிறது. 'தி மெடிசின் ஒர்க்ஸ்' என்றால் மருந்து குணம் தருகிறது. தமிழிலும் 'மருந்து நன்றாக வேலை செய்கிறது' என்கிறோமே!

ஆனால் தமிழைப் பின்பற்றி, 'பல வேலைகள் இருக்கின்றன' என்பதை 'ஐ ஹேவ் மெனி ஒர்க்ஸ்' என்று எழுதாதீர்கள். 'ஐ ஹேவ் எ லாட் ஆஃப் ஒர்க்' என்பதே சரி. 'ஒர்க்ஸ்' என்று பன்மையில் வந்தால், ஓர் ஆசிரியரின் படைப்புகளையோ ஒரு தொழிற்கூடத்தையோ குறிக்கும்.

ஒட்டிவரும் சிறு சொற்கள்

'ஒர்க்' என்பதோடு ஒட்டிவரும் சிறு சொல்லில்தான் சூட்சுமம் இருக்கிறது. 'ஒர்க்கிங் ஆன் எ பிராப்ளம்' என்றால் கணக்கோடு இன்னும் போராடிக் கொண்டிருக்கிறார். 'ஒர்க்ட் அவுட் தி பிராப்ளம்' என்றால் விடை கண்டுவிட்டார். (உடற்பயிற்சி செய்வதற்கும் 'ஒர்க் அவுட்' என்பார்கள். இடம் நோக்கிப் பொருள் கொள்க.)

வெப்ப இயக்கவியலில் இது இன்னும் முக்கியம். மிதிவண்டிக்குக் காற்றடிக்கும்போது பம்பிலுள்ள காற்றின்மீது நாம் வேலை செய்கிறோம். இது 'ஒர்க் டன் ஆன் தி காஸ்'. அழுத்தப்பட்ட காற்று சூடேறுவதைப் பம்பின் அடிப்பகுதியைத் தொட்டு அறியலாம். என்ஜினிலோ, சூடான வாயு விரிந்து பிஸ்டனைத் தள்ளுகிறது. இது 'ஒர்க் டன் பை தி காஸ்'. ஒன்றுக்கு நேர்க்குறி இட்டால் மற்றதற்கு எதிர்க்குறி. 'ஆன்', 'பை' இரண்டையும் மாற்றிப் படித்தால் விடையே தலைகீழாகிவிடும்.

ஏமாற்றும் மரபுத்தொடர்கள்

'மேக் ஷார்ட் ஒர்க் ஆஃப்' என்பது வேலையைக் குறைப்பதன்று, விரைந்து முடித்துவிடுவது. 'ஹேவ் யுவர் ஒர்க் கட் அவுட்' என்பதைக் கண்டு வேலையை வெட்டிவிட்டார்கள் என்று மகிழாதீர்கள். கடினமான வேலை காத்திருக்கிறது என்பதே அதன் பொருள்!

சொல்லின் சுற்றம்

தேனிரும்பை ஆங்கிலத்தில் 'ராட் அயர்ன்' என்பர். 'ராட்' என்பது 'ஒர்க்' என்பதன் பழைய இறந்தகால வடிவம். 'அடித்து உருவாக்கிய இரும்பு' என்று பொருள். கிரேக்கத்தில் வேலையைக் குறிக்கும் 'எர்கான்' என்ற சொல்லும் 'ஒர்க்' பிறந்த அதே வேரிலிருந்து வந்தது. அதிலிருந்து வந்தவையே 'எர்க்' என்னும் அலகும் (1 ஜூல் = 1 கோடி எர்க்), ஆற்றலைக் குறிக்கும் 'எனர்ஜி' என்ற சொல்லும். வேலையும் ஆற்றலும் பாடத்தில் மட்டுமன்றிப் பிறப்பிலும் உறவினர்கள்!

ஆகவே, வினாவில் ஒரு சொல் விளங்கவில்லையென்றால், கணக்கே தெரியாது என்று முடிவு கட்டாதீர்கள். கொடுத்த எண்களையும் அலகுகளையும் பாருங்கள். எதைக் கேட்கிறார்கள் என்பதை அவையே பெரும்பாலும் காட்டிக்கொடுத்துவிடும்.

பயிற்சி: தமிழில் பொருள் கூறுக

1. தி பிளான் டிட் நாட் ஒர்க்.
2. ஒர்க் அவுட் தி ஸ்பீட் ஆஃப் தி டிரெயின்.
3. ஷீ இஸ் ஒர்க்கிங் ஆன் எ நியூ வாக்சின்.

விடைகள்: 1. திட்டம் பலிக்கவில்லை. 2. இரயிலின் வேகத்தைக் கணக்கிடுக. 3. அவர் புதிய தடுப்பூசி ஒன்றை உருவாக்க முயன்று வருகிறார்.