டர்போ மாட்டலாமா? எக்ஸெல்லில் ஒரு கணக்கு

போன மே மாதம் குடும்பத்துடன் ஏற்காடு போனோம். ஐந்து பேர், ஏசி வேறு. கொண்டை ஊசி வளைவுகளில் எங்கள் 1.2 லிட்டர் பெட்ரோல் கார் திணறிவிட்டது. மேடவாக்கம் திரும்பியதும் தெரிந்த மெக்கானிக் அண்ணனிடம் சொன்னேன். "தம்பி, பழைய டர்போ ஒன்னு இருக்கு. அறுபதாயிரம் குடுங்க, மாட்டித் தர்றேன். வண்டி பறக்கும்" என்றார். எனக்கும் ஆசைதான். ஆனால் அது அப்பா ரிடையரான பணத்தில் வாங்கிய கார். எனவே முதலில் எக்ஸெல்லைத் திறந்தேன். அந்தக் கணக்கை நீங்களும் போட்டுப் பார்க்கலாம்.

டர்போ என்ன செய்கிறது?

சாதாரண இன்ஜின், பிஸ்டன் கீழே இறங்கும்போது வெளிக்காற்றைத் தானே உறிஞ்சிக்கொள்கிறது. டர்போசார்ஜரில், வெளியேறும் சூடான புகை ஒரு சக்கரத்தைச் சுழற்றுகிறது. அதே தண்டில் உள்ள மற்றொரு சக்கரம் காற்றை அழுத்தி இன்ஜினுக்குள் தள்ளுகிறது. காற்று கூடினால் அதிகப் பெட்ரோலை எரிக்கலாம். பவர் கூடும். ஆனால் அழுத்தும் காற்று சூடாகும். சைக்கிளுக்குப் பம்ப் அடித்தவர்களுக்கு இது தெரியும்.

ஷீட்டைத் தயார் செய்வோம்

புதிய ஒர்க் ஷீட்டில் கீழ்க்கண்டவற்றை டைப் செய்யுங்கள். (செல் பெயர்களை ஆங்கில எழுத்தில் அடியுங்கள்.)

பி1: வெளிக்காற்றின் வெப்பம், 35
பி2: பூஸ்ட் அழுத்தம் (பார்), 0.5
பி3: கம்ப்ரஸரின் திறன், 0.65
பி4: இன்டர்கூலர் தாண்டிய பின் வெப்பம், 55
பி5: கம்ப்ரஷன் ரேஷியோ, 11
பி6: =1+பி2
பி7: =(பி1+273)*(1+(பி6^0.286-1)/பி3)-273
பி8: =பி6*(பி1+273)/(பி7+273)
பி9: =பி6*(பி1+273)/(பி4+273)
பி10: =(பி4+273)*பி5^0.35-273

பி7 டர்போவிலிருந்து வரும் காற்றின் வெப்பம். விடை 93 டிகிரி. பி8 இன்டர்கூலர் இல்லாவிட்டால் கிடைக்கும் காற்று. விடை 1.26. அதாவது அழுத்தம் 50 சதவீதம் கூடினாலும் காற்று 26 சதவீதம்தான் கூடுகிறது. இன்டர்கூலர் இருந்தால் (பி9) 41 சதவீதம்.

இனி பி10ஐக் கவனியுங்கள். பிஸ்டன் மேலே வந்து கலவையை அழுத்தி முடிக்கும்போது உள்ள வெப்பம் அது. தோராயமான கணக்குதான், ஒப்பிட்டுப் பார்க்க இது போதும். டர்போ இல்லாத இன்ஜினுக்கு பி4ல் 35 கொடுங்கள்: 440 டிகிரி. டர்போவும் இன்டர்கூலரும் இருந்தால் (55) 486. இன்டர்கூலர் இல்லாவிட்டால் (93) 574!

இந்தச் சூட்டிலும் அழுத்தத்திலும், முறையாக எரிய வேண்டிய கலவை தானாகவே வெடிக்கும். இதுதான் நாக்கிங். தொடர்ந்தால் பிஸ்டனே ஓட்டையாகும்.

பி4ல் 55, பி5ல் 9 என்று மாற்றிப் பாருங்கள். 435 டிகிரி வரும். பழைய நிலைக்கு வந்துவிட்டோம். ஆனால் ரேஷியோவை மாற்ற இன்ஜினைப் பிரித்துப் பிஸ்டனை மாற்ற வேண்டும்!

சாஃப்ட்வேர் பிரச்சினை

காற்றின் அழுத்தத்தை சென்சார் அளக்க, அதைப் பார்த்து இசியு பெட்ரோலை விடுகிறது. டர்போ இல்லாத பல கார்களில் அந்த சென்சார் ஏறக்குறைய 1 பார் வரைதான் படிக்கும். ஒரு பைட்டில் 255க்கு மேல் எழுத முடியாதது போலத்தான். 1.5 பார் வந்தாலும் இசியுவுக்குத் தெரியாது. பெட்ரோல் குறையும், சூடு இன்னும் ஏறும். ஆகவே சென்சார், இன்ஜெக்டர், இசியு மேப் எல்லாம் மாற வேண்டும்.

கோவை உதாரணம்

டாடா மோட்டார்ஸும் கோயம்புத்தூர் ஜெயம் ஆட்டோமோட்டிவ்ஸும் சேர்ந்து 2018ல் டியாகோ ஜேடிபி காரை வெளியிட்டன. சாதாரண டியாகோவின் 1.2 லிட்டர் பெட்ரோல் இன்ஜின் 85 பிஎஸ், 114 என்எம். ஜேடிபியில் 114 பிஎஸ், 150 என்எம். ரேஸ் கார் அனுபவம் உள்ள ஜெயம் இருந்தும், பழைய இன்ஜினில் டர்போவைச் சொருகவில்லை. நெக்ஸானின் டர்போ இன்ஜினையே எடுத்து டியூன் செய்தார்கள். அந்தக் கூட்டு முயற்சி 2020ல் முடிந்துவிட்டது. நமக்கு அந்தப் பாடம் போதும்.

இன்னொன்று: மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆம் பிரிவு வாகன மாற்றங்களைக் கட்டுப்படுத்துகிறது. ஆர்டிஓ அலுவலகத்திலும் இன்சூரன்ஸ் கம்பெனியிலும் கேட்காமல் எதையும் மாற்றாதீர்கள். சொல்லாமல் மாற்றினால் க்ளெய்ம் சிக்கலாகலாம்.

ஷீட்டைப் பிரின்ட் எடுத்து மெக்கானிக் அண்ணனிடம் காட்டினேன். சற்று நேரம் பார்த்துவிட்டு, "பிஸ்டனும் மாத்தணும்னா அறுபதாயிரம் பத்தாது தம்பி" என்றார். ஏர் ஃபில்டரும் ஸ்பார்க் ப்ளக்கும் மாற்றிக்கொண்டு வந்தேன். மலை ஏறும்போது இனி சீக்கிரமே கியரைக் குறைப்பேன், தேவைப்பட்டால் ஏசியை அணைப்பேன்.

உங்களுக்கு ஒரு பயிற்சி: பூஸ்ட் 0.3 மட்டும், இன்டர்கூலர் இல்லை, ரேஷியோ 11. பி7ல் வரும் விடையை பி4ல் கொடுங்கள். பி10ல் 525 வந்தால் ஷீட் சரி. டர்போ சரியா என்பதை நீங்களே முடிவு செய்யுங்கள்.