பாரிஸ் போக ஆறு மணி நேரம், திரும்பி வரப் பதினான்கா?

மூலக்குளம் முதல் முதலியார்பேட்டை வரை, பிரான்சில் பிள்ளைகளோ உடன்பிறந்தவர்களோ இருக்கும் வீடுகள் புதுவையில் ஏராளம். டிக்கெட்டைப் பார்த்து அங்கே பலர் போடும் கணக்கு இது: குளிர்காலத்தில் சென்னையில் அதிகாலை 1.30க்கு ஏறினால் பாரிசில் காலை 7.30க்கு இறங்கலாம், ஆறே மணி நேரம். அங்கே காலை 10 மணிக்குக் கிளம்பினால் இங்கே வந்துசேர நள்ளிரவு 12 ஆகிறது, பதினான்கு மணி நேரம். பூமி கிழக்கு நோக்கிச் சுழல்வதால் போகும்போது பாரிஸ் எதிரே வருகிறது, திரும்பும்போது சென்னை விலகிப் போகிறது என்று காரணமும் சொல்லப்படுகிறது. ஆனால் டிக்கெட்டில் உள்ளது அந்தந்த ஊர் நேரம். பாரிஸ் நமக்குக் குளிர்காலத்தில் நாலரை மணி நேரமும் கோடையில் மூன்றரை மணி நேரமும் பின்னால் இருக்கிறது. அதைச் சரிசெய்தால் போக ஏறக்குறைய பத்தரை மணி நேரம், வர ஒன்பதரை. அதாவது, நம்பிக்கைக்கு நேர்மாறாக, மேற்கே போவதற்குத்தான் அதிக நேரம் பிடிக்கிறது.

பூமியோடு சேர்ந்து காற்றும் சுழல்கிறது. சென்னை இருக்கும் அட்சரேகையில் தரை மணிக்குச் சுமார் 1,630 கி.மீ. வேகத்தில் கிழக்கே நகர்கிறது. ஓடுபாதையில் நிற்கும் விமானத்துக்கும் அதே வேகம் உண்டு. காற்று மட்டும் பின்தங்கினால் நம் ஊரில் ஒரு வாழைமரம்கூட மிஞ்சாது.

உண்மையான காரணம் மேலைக்காற்று. விமானங்கள் பறக்கும் பத்துப் பன்னிரண்டு கி.மீ. உயரத்தில், வட இந்தியா முதல் ஐரோப்பா வரை குளிர்காலத்தில் மேற்கிலிருந்து கிழக்கே ‘ஜெட்’ காற்றோட்டம் வீசுகிறது. சில நாள்களில் அது மணிக்கு 200 கி.மீ.யைத் தாண்டும். போகும்போது எதிர்க்காற்றான அதுவே வரும்போது பின்னாலிருந்து தள்ளுகிறது. பாதை நீள்வதுதான் காரணம் என்று வாதிடுவோரும் உண்டு. நேர்வழித் தூரம் சுமார் 8,000 கி.மீ.; பாகிஸ்தான் 2025 ஏப்ரலில் தன் வான்வெளியை இந்திய விமானங்களுக்கு மூடியதுபோன்ற தடைகள் அதை நீட்டவே செய்கின்றன. ஆனால் அந்தச் சுற்று போக, வர இரண்டுக்கும் பொது. இடையிலுள்ள வித்தியாசத்தை அது விளக்காது.

இன்னொரு கேள்வி கனமானது: ஜெட் காற்று உருவாவதிலேயே பூமியின் சுழற்சிக்குப் பங்கு இல்லையா? உண்டு. வெப்பமண்டலத்துக்கும் துருவத்துக்கும் இடையிலான வெப்ப வேறுபாடு காற்றை நகர்த்துகிறது, சுழற்சி அதைத் திருப்பிவிடுகிறது. ஆனால் சுழற்சியே நேரடியாகப் பயணத்தைக் கூட்டிக் குறைப்பதென்றால் அந்த வித்தியாசம் எல்லா மாதமும் ஒன்றாக இருக்க வேண்டும். அப்படி இல்லை. தென்மேற்குப் பருவமழைக் காலத்தில் தென்னிந்தியாவின் மேலே காற்று திசை மாறி, கிழக்கிலிருந்து மேற்கே வீசுகிறது. இந்தக் கீழை ஜெட் காற்றை 1950களில் ஆராய்ந்து உலகுக்குச் சொன்னவர் இந்திய வானிலை அறிஞர் கோட்டீஸ்வரம். வடக்கே மேலைக்காற்றும் அப்போது தணிந்து விலகுவதால், டிசம்பரில் காணும் இடைவெளி ஜூலையில் சுருங்குகிறது.