உடம்பை அளந்த பிறகே ஸ்கேன்

தி.நகரில் பள்ளிச் சீருடை வாங்கும்போதுகூடத் தோளில் டேப் வைத்துப் பார்த்த பிறகுதான் எடுக்கிறோம். சி.டி. ஸ்கேனில் மட்டும், வயிறு என்றால் எல்லோருக்கும் ஒரே செட்டிங் என்று விட்டுவிடக் கூடாது. ஸ்கேன் எடுக்கும் இந்த வேலை எனக்குக் கற்றுக்கொடுத்த முதல் பாடம் இதுதான். சதை சுமார் 4 செ.மீ. கூடினாலே மறுபக்கம் வரும் கதிர் பாதியாகிவிடுகிறது. பருத்த உடம்புக்கு வேண்டிய கதிரை ஒல்லியான உடம்புக்குக் கொடுத்தால், பழைய எக்ஸ்ரே பிலிமாக இருந்தால் கறுத்துப்போய்க் காட்டிக்கொடுத்திருக்கும். சி.டி.யிலோ படம் இன்னும் அழகாக வரும். அதனால் தவறு யார் கண்ணிலும் படாது.

கன்சோல் திரை காட்டும் கதிர் அளவும் நோயாளியின் கணக்கு அல்ல. வயிற்று ஸ்கேனில் அது பொதுவாக 32 செ.மீ. விட்டமுள்ள பிளாஸ்டிக் உருளைக்கான கணக்கு. அமெரிக்க மருத்துவ இயற்பியலாளர் சங்கம் 2011இல் வெளியிட்ட 204ஆம் அறிக்கையின்படி, திரையில் 10 மில்லிகிரே என்றால் 20 செ.மீ. விட்டமுள்ள உடம்புக்கு அது ஏறத்தாழ 18, 40 செ.மீ. உடம்புக்கு 8.5. ஆகவே வயதை வைத்து முடிவெடுக்காமல், ஸ்கேனுக்கு முன் எடுக்கும் ஸ்கௌட் படத்தில் குறுக்களவையும் முன்பின் அளவையும் அளந்துகொள்ளுங்கள். அடையாறுக்குப் புற்றுநோய் சிகிச்சைக்காக வருபவர்களுக்குத் திரும்பத் திரும்ப ஸ்கேன் எடுக்க வேண்டியிருக்கிறது. கீமோவில் இளைத்துப்போனவருக்குப் போன தடவை செட்டிங் பொருந்தாது.

உரிமம் பெற்ற நவீன மெஷின், கதிரைத் தானே குறைத்துக்கொள்ளாதா என்பார்கள். அணுசக்தி ஒழுங்குமுறை வாரியத்தின் உரிமம் மெஷினை இயக்கத்தான். ஒவ்வொரு நோயாளிக்கும் செட்டிங்கை முடிவுசெய்வது நாம். மெஷின் கதிரைக் குறைப்பது உண்மைதான், ஆனால் எவ்வளவு தெளிவு வேண்டும் என்று நாம் சொன்னதையே அது கேட்கிறது. படுத்திருப்பவர் மெஷினின் வளையமான கேன்ட்ரியின் நடுவில் இல்லாமல் எக்ஸ்ரே ட்யூப் பக்கம் நெருங்கிவிட்டால் ஸ்கௌட்டில் பெருத்துத் தெரிவார். மெஷினும் கூடுதலாகக் கொடுத்துவிடும். டேபிள் உயரத்தைச் சரிசெய்யச் சில விநாடிகள் போதும்.

குறைத்தால் நோய் தவறிவிடுமோ என்ற அச்சம் நியாயமானது. நான் சொல்வது குறைப்பது அல்ல, பொருத்துவது. பருமனானவருக்குக் கூட்டத்தான் வேண்டும். படம் சரியில்லாமல் மறுபடி எடுத்தால் கதிர் இருமடங்கு. எவ்வளவு தெளிவு வேண்டும் என்பதும் தேடுவதைப் பொறுத்தது. சிறுநீரகக் கல் புள்ளி விழுந்த படத்திலும் தெரியும். கல்லீரலின் சிறு கட்டி அப்படித் தெரியாது. குழந்தைக்கோ, மற்றவற்றை மாற்றாமல் ட்யூப் மின்னழுத்தத்தை 120 கே.வி.யிலிருந்து 80 ஆக்கினாலே கதிர் பாதிக்கும் கீழே வந்துவிடும். தேவையான ஸ்கேனுக்குப் பெற்றோர் பயப்பட வேண்டாம். மயிலாப்பூரானாலும் எந்த ஊரானாலும், "குழந்தை உடம்புக்கு ஏத்த செட்டிங்தானே போட்டிருக்கீங்க?" என்று தயங்காமல் கேளுங்கள். கேட்டால், டெக்னீஷியன் இன்னொரு முறை திரையைப் பார்ப்பார்.