கைப்பேசியுடன் வந்த செயலிகளும் நம் இல்லத்து இரகசியங்களும்

திறன்பேசி இல்லாத இல்லம் இன்று அரிது. ஓய்வூதியம் வரவு வைக்கப்பட்ட செய்தி, வங்கி அனுப்பும் ஒருமுறைக் கடவுச்சொல், மருத்துவர் எழுதிய மருந்துச் சீட்டின் படம், வரன் பார்க்கும்போது அனுப்பிய ஜாதகக் குறிப்பு, பேரப்பிள்ளைகளின் புகைப்படங்கள் ஆகிய அனைத்தும் அச்சிறு கருவியினுள்ளேயே தங்குகின்றன. முன்னாளில் இரும்புப் பெட்டியில் வைத்துப் பூட்டியவற்றை இன்று சட்டைப் பையில் எடுத்துச் செல்கின்றோம். அப்பெட்டிக்குச் சாவிகள் எத்தனை, அவை எவரெவரிடம் உள்ளன என்று அறிதல் குடும்பத்தார் ஒவ்வொருவரின் கடமையாகும். ஆதலின், நாம் கேளாமலேயே கைப்பேசியுடன் வந்து சேரும் செயலிகளைப் பற்றி இப்பாடத்தில் முறையாகப் பயில்வோம்.

1. முன்நிறுவிய செயலி என்றால் என்ன?

தெரிந்ததிலிருந்து தெரியாததற்குச் செல்லவேண்டும் என்பது ஆசிரியப் பயிற்சியில் நாம் கற்ற முதற்பாடம். எனவே தெரிந்த ஒன்றிலிருந்து தொடங்குவோம். புதிதாக ஒரு வீடு வாங்குகின்றோம். முழு விலையும் கொடுத்துப் பத்திரமும் பதிவு செய்துகொள்கின்றோம். குடிபுகும் நாளில் பார்த்தால், உள்ளறை ஒன்றில் முன்பே ஒருவர் குடியிருக்கின்றார். அவரை வைத்தவர் வீட்டைக் கட்டி விற்றவர். எல்லா அறைகளுக்கும் அவரிடம் மாற்றுச் சாவி உண்டு. அவரை வெளியேற்ற நமக்கு உரிமையில்லை. முன்நிறுவிய செயலியின் நிலையும் இத்தகையதே.

இவ்வாறு வருவன அனைத்தும் தீயன அல்ல. அழைப்பு விடுக்கும் செயலி, கடிகாரம், பாதுகாப்புத் திருத்தங்களைக் கொண்டுவரும் செயலி ஆகியன இன்றியமையாதவை. இவற்றை வீட்டின் காவலாளி எனலாம். தயாரிப்பாளர் தம் பெயரால் சேர்ப்பவை இரண்டாம் வகை. பிற நிறுவனத்தார் பணம் கொடுத்து இடம்பெறச் செய்த கடை, விளையாட்டு, செய்தி, விளம்பரச் செயலிகள் மூன்றாம் வகை. இம்மூன்றையும் பிரித்தறிதலே நம் பாடத்தின் முதற்படி.

2. இவை வருவதற்குக் காரணம் யாது?

உலகின் பெரும்பாலான திறன்பேசிகள் ஆண்ட்ராய்டு என்னும் இயங்குதளத்தால் இயங்குகின்றன. அதன் அடிப்படைப் பகுதியைக் கூகுள் நிறுவனம் எவரும் எடுத்து மாற்றிக்கொள்ளும் வண்ணம் வெளியிடுகின்றது. சில்லு செய்பவர், கருவி செய்பவர், திருத்தங்களை அனுப்பும் ஒப்பந்ததாரர், தொலைபேசிச் சேவை நிறுவனத்தார் எனப் பலர் கைபட்டே கருவி கடைக்கு வருகின்றது. ஒவ்வொரு கையும் தன் பங்கிற்கு எதையேனும் சேர்க்க இயலும்.

மற்றொரு காரணம் வாணிகம். விலை குறைந்த கைப்பேசியில் விற்பவர்க்குக் கிட்டும் ஆதாயம் மிகச் சிறிது. அக்குறையைப் பிறர் செயலிகளுக்கு இடம் கொடுத்துப் பெறும் தொகையால் ஈடுசெய்வாரும் உளர். அவ்விடத்து, நாம் மலிவாகப் பெற்ற விலையின் மீதத்தை நம் விவரங்களே செலுத்துகின்றன. குறைந்த வருவாயுடைய குடும்பத்தாரே இதனால் மிகுதியும் பாதிக்கப்படுகின்றனர் என்பது வருந்தத்தக்கது.

3. நாமே நிறுவும் செயலிக்கும் இதற்கும் வேறுபாடு

நாமாக ஒரு செயலியை நிறுவும்போது, ஒலிவாங்கியைப் பயன்படுத்தலாமா, தொடர்பு எண்களைப் பார்க்கலாமா என்று அது நம்மிடம் அனுமதி கேட்கும். மறுக்கும் உரிமை நமக்குண்டு. கருவியுடன் வந்த செயலிகளில் சிலவற்றிற்கோ தயாரிப்பாளரே முன்கூட்டி அனுமதி வழங்கியிருப்பார். சாதாரணச் செயலிகள் பெறவியலாத உயர் அனுமதிகளும் அவற்றுக்குக் கிட்டும். மேலும் அவை கருவியின் பூட்டிய பகுதியில் பதிந்திருப்பதால், அனைத்தையும் அழித்துத் தொடக்க நிலைக்குக் கொண்டுவந்தாலும் மீண்டும் தோன்றும். பலவற்றை முடக்கலாமேயன்றி நீக்க இயலாது. சிலவற்றை முடக்கவும் இயலாது.

4. நடந்த நிகழ்ச்சி ஒன்று

இஃது வெறும் ஐயம் அன்று என்பதற்கு 2016ஆம் ஆண்டு அமெரிக்காவில் நிகழ்ந்தது சான்று. புளோரிடா மாநிலத்தைச் சேர்ந்த புளூ என்னும் நிறுவனத்தின் ஆர்1 எச்டி என்ற கைப்பேசி அங்கு மிகவும் மலிவாக விற்கப்பட்டது. கிரிப்டோவயர் என்னும் பாதுகாப்பு நிறுவனத்தின் ஆய்வாளர் ஒருவர் வெளிநாட்டுப் பயணத்திற்காக அதனை வாங்கினார். கருவியை அமைக்கும்போதே அது இணையத்தில் வழக்கத்திற்கு மாறாக இயங்குவதைக் கண்டு ஆராயத் தொடங்கினார். குறுஞ்செய்திகளின் முழு வாசகமும், அழைப்புப் பட்டியலும், தொடர்பு எண்களும் உரியவர் அறியாமலேயே சீனாவிலுள்ள கணினிகளுக்குச் சென்றமை புலப்பட்டது. குறுஞ்செய்திகளும் அழைப்பு விவரங்களும் 72 மணி நேரத்திற்கு ஒருமுறை அனுப்பப்பட்டன.

இதனைச் செய்தது ஷாங்காய் நகரத்து அடப்ஸ் நிறுவனத்தின் மென்பொருள். அதன் பணி திருத்தங்களைக் கொண்டுவருவது, அதாவது காவலாளியின் பணி. வேறொரு தயாரிப்பாளர் வேண்டுகோளின்படி எழுதிய பகுதி தவறுதலாக அக்கருவிகளில் இடம்பெற்றது என அந்நிறுவனம் விளக்கம் கூறியது. தன் கருவிகளில் 1,20,000 பாதிக்கப்பட்டன என்றும் அவற்றைச் சரிசெய்துவிட்டதாகவும் புளூ அறிவித்தது. 2018இல் அமெரிக்கக் கூட்டாட்சி வர்த்தக ஆணையம் அந்நிறுவனத்துடன் செய்த உடன்படிக்கையில், 20 ஆண்டுகளுக்கு இரண்டாண்டுக்கு ஒருமுறை வெளியார் பாதுகாப்புத் தணிக்கை நடத்தவேண்டும் என விதித்தது.

பின்னர் ஸ்பெயின், அமெரிக்க நாடுகளின் ஆராய்ச்சியாளர்கள் 214 தயாரிப்பாளர்களின் கருவிகளிலிருந்து 82,000க்கும் மேற்பட்ட முன்நிறுவிய செயலிகளைத் திரட்டி ஆய்ந்து, 2020ஆம் ஆண்டு மாநாட்டில் கட்டுரை வழங்கினர். விளம்பரத்திற்காகவும் பின்தொடர்வதற்காகவும் எழுதப்பட்ட பகுதிகள் அவற்றுட் பலவற்றில் இருந்தன. அதே ஆண்டு ஜனவரியில் பிரைவசி இன்டர்நேஷனல் உள்ளிட்ட ஐம்பதுக்கும் மேற்பட்ட அமைப்புகள், மதுரையில் பிறந்தவரும் கூகுளின் தலைவருமான சுந்தர் பிச்சைக்குத் திறந்த மடல் எழுதின. இச்செயலிகளை முற்றிலும் நீக்கும் உரிமை பயனருக்கு வேண்டும் என்பது அம்மடலின் கோரிக்கைகளுள் ஒன்று.

5. நம் நாட்டில்

தனியுரிமை அரசியலமைப்பு வழங்கும் அடிப்படை உரிமையே என 2017 ஆகஸ்ட் 24 அன்று உச்ச நீதிமன்றத்தின் ஒன்பது நீதிபதிகள் அடங்கிய அமர்வு ஒருமனதாகத் தீர்ப்பளித்தது. அவ்வழக்கைத் தொடுத்த கே. எஸ். புட்டசாமி, ஓய்வுபெற்ற உயர் நீதிமன்ற நீதிபதி. வழக்கிட்டபோது அவர் எண்பது வயதைக் கடந்தவர். இவை இளையோர் விவகாரம் என ஒதுங்கும் நம்மையொத்த முதியோர் இதனை நினைவிற்கொள்ளுதல் நன்று.

2022 அக்டோபரில் இந்தியப் போட்டி ஆணையம், தன் செயலிகளை மொத்தமாக முன்நிறுவுமாறு தயாரிப்பாளரைக் கட்டாயப்படுத்தியமை உள்ளிட்ட காரணங்களுக்காகக் கூகுளுக்கு 1,337.76 கோடி ரூபாய் அபராதம் விதித்தது. 2023 மார்ச்சில் மேல்முறையீட்டுத் தீர்ப்பாயம் அபராதத்தை நிலைநிறுத்தி, ஆணையின் சில கட்டளைகளை நீக்கியது.

2025 நவம்பர் இறுதியில், திருட்டுக் கைப்பேசிகளையும் மோசடிகளையும் தடுக்கும் நோக்கத்துடன், சஞ்சார் சாத்தி என்னும் அரசுச் செயலியைப் புதிய கைப்பேசிகள் அனைத்திலும் முன்நிறுவவேண்டும் எனத் தொலைத்தொடர்புத் துறை தயாரிப்பாளர்களுக்குக் கட்டளையிட்டது. தனியுரிமை குறித்து நாடெங்கும் கேள்விகள் எழுந்தபின், டிசம்பர் 3 அன்று அக்கட்டாயம் விலக்கப்பட்டது. தொலைந்த கைப்பேசியைத் தடைசெய்யப் பலருக்கு உதவிய செயலிதான் அது. ஆயினும் பயனுடைய பொருளையும் கேட்டுக் கொடுத்தல் வேறு, கேளாது திணித்தல் வேறு என்னும் நுட்பத்தை இந்நிகழ்ச்சி உணர்த்துகின்றது.

6. மறைப்பதற்கு நம்மிடம் என்ன இருக்கிறது?

இவ்வினாவைப் பலர் எழுப்புவர். நம் வாழ்வு திறந்த புத்தகம், எவர் பார்த்தால் என்ன என்பர். விடை எளிது. நம் கைப்பேசியில் உள்ளவை நம்முடையவை மட்டும் அல்ல. தொடர்புப் பட்டியலில் உள்ள நூற்றுக்கணக்கான எண்கள் பிறருடையவை. தன் உடல்நலக் குறைவை நமக்கு மட்டும் எழுதிய உறவினர், கடன் நெருக்கடியைச் சொல்லி ஆறுதல் தேடிய தோழி, தன் படத்தை அனுப்பிய மணப்பெண் ஆகியோர் நம்மை நம்பிக் கொடுத்தவை அவை. அடப்ஸ் நிகழ்ச்சியில் அக்கருவியை வாங்காதவர்களின் பெயர்களும் எண்களும் சொற்களுங்கூட வெளியே சென்றன. அவர்கள் எந்த விதிமுறைக்கும் ஒப்புதல் அளித்தவரல்லர். தன் பொருளை ஒருவர் வாரி வழங்கலாம். அடைக்கலமாக வந்த பொருளை வழங்க அவருக்கு உரிமையில்லை. நம் கவனக்குறைவால் இழப்புறுவோர் பிறர் என்னும்போது, கவனம் நம் விருப்பமாக இராது கடமையாகிவிடுகின்றது.

7. செய்யத்தக்கவை

அ. புதுக் கைப்பேசியை முதன்முதல் இயக்கும்போது திரையில் வரும் ஒவ்வொரு கேள்வியையும் நிறுத்திப் படிக்கவும். முன்கூட்டியே குறியிடப்பட்ட கட்டங்களில் வேண்டாதவற்றின் குறியை நீக்கவும். கடைக்காரரிடம் இப்பணியை முழுதும் விட்டுவிடலாகாது.

ஆ. அமைப்புகள் பகுதியில் செயலிகளின் பட்டியலைத் திறந்து, பெயர்களை ஒரு தாளில் எழுதவும். வேண்டாத விளையாட்டு, கடை, செய்திச் செயலிகளை நீக்கவும். நீக்க இயலாதவிடத்து முடக்கவும்.

இ. பயன் இன்னதென்று அறியாத செயலியை அவசரப்பட்டு முடக்கவேண்டாம். கருவி இயங்காது போகலாம். விவரம் அறிந்த இளையோரைக் கலந்து செய்க.

ஈ. இருப்பிடம், ஒலிவாங்கி, ஒளிப்படக்கருவி, தொடர்புகள், குறுஞ்செய்தி ஆகிய ஐந்து அனுமதிகளையும் ஒவ்வொன்றாகப் பார்த்து, தேவையற்றவற்றை மறுக்கவும். டார்ச் விளக்குச் செயலிக்கு நம் தொடர்பு எண்களால் ஆவது ஒன்றுமில்லை.

உ. ஆண்ட்ராய்டு 12 முதலான கருவிகளில் ஒலிவாங்கியோ ஒளிப்படக்கருவியோ இயங்கும்போது திரையின் மேல்மூலையில் பச்சைக் குறி தோன்றும். காரணமின்றித் தோன்றினால் எச்செயலி என ஆராய்க.

ஊ. வாங்கும்போது விலையை மட்டும் பாராது, எத்தனை ஆண்டுகளுக்குப் பாதுகாப்புத் திருத்தம் வரும் என்றும், உடன்வரும் செயலிகள் எவை, அவற்றை நீக்கலாமா என்றும் கேட்கவும். கேட்போர் பெருகினால் விற்போர் மாறுவர்.

8. பயிற்சி

வரும் விடுமுறை நாளில் பெரியோரும் பிள்ளைகளும் ஒன்றாக அமர்ந்து பின்வரும் வினாக்களுக்கு விடை காண்க.

1. உங்கள் கைப்பேசியில் நீங்கள் நிறுவாத செயலிகள் எத்தனை?
2. அவற்றுள் இன்றியமையாதவை எவை? பணத்திற்காக இடம்பெற்றனவாகத் தோன்றுபவை எவை?
3. உங்கள் தொடர்பு எண்களைப் பார்க்கும் அனுமதி பெற்ற செயலிகள் எவை? அவ்வனுமதியை அளித்தவர் யார்?
4. பிறர் நம்பி அனுப்பிய செய்தியோ படமோ உங்கள் கைப்பேசியில் இருப்பின், அதனைக் காக்க நீங்கள் செய்திருப்பது யாது?

நான்காம் வினாவிற்குப் பெரியோர் முதலில் விடை கூறுக. அதனைக் கேட்டுப் பிள்ளைகள் தாமே கற்றுக்கொள்வர்.