ஒழுக்கநூலும் அது பிறந்த காலமும்

மேனாட்டு ஒழுக்கநூற் கொள்கைகளை மாணாக்கருக்குக் கற்பிப்போர், அவை பிறந்த காலத்தைக் கூறாதொழிதல் தகாது. நோயறியாதான் மருந்தின் குணமறியான்.

தோமஸ் ஹொப்ஸ் என்பவர் 1651-ஆம் ஆண்டில் 'லெவயதன்' என்னும் நூலை வெளியிட்டார். இங்கிலாந்திலே 1642-இல் அரசனுக்கும் பாராளுமன்றத்துக்கும் போர் மூண்டது. 1649-இல் அரசனாகிய முதலாம் சாள்ஸ் சிரச்சேதஞ் செய்யப்பட்டான். ஹொப்ஸோ 1640-லேயே அஞ்சிப் பாரிஸ் நகரம் புக்கவர். ஆதலின், யாவரையும் அடக்கும் அரசு இல்லாவிடத்து மக்கள் தம்முட் பொருவரென்றும், மரணபயமே அவரைச் சமாதானத்துக்கு உய்க்குமென்றும் துணிந்தார்.

நூறாண்டின் பின், 1752 முதல் 1764 வரை கிளாஸ்கோ சர்வகலாசாலையில் ஒழுக்கநூற் பேராசிரியராயிருந்தவர் ஆடம் ஸ்மித். 1707-இல் ஸ்கொத்லாந்து இங்கிலாந்தோடு இணைந்தபின், அமெரிக்கப் புகையிலை வாணிகத்தாற் செழித்த நகர் அது. ஒருவரையொருவர் நம்பிக் கொடுக்கல் வாங்கல் செய்வாரிடையே வாழ்ந்த அவர், பிறர் உணர்ச்சியிற் பங்குகொள்ளும் இயல்பே ஒழுக்கத்துக்கு வேரென 1759-இல் எழுதினார்.

அங்ஙனமாயின், ஒழுக்கம் காலத்தின் நிழல்மாத்திரமோ எனின், அன்று. அப்புகையிலை அடிமைகளின் உழைப்பால் விளைந்தது. அந்நகரத்திருந்தே, அடிமைப்பட்ட ஆபிரிக்கரின் பெருந்தன்மையை அவர்தம் எசமானர் பெரும்பாலும் எண்ணவும் வல்லரல்லர் என, அதே நூலில் ஸ்மித் கண்டித்தார். தம்மைச் சூழ்ந்தோர் ஊதியத்துக்கு மாறாக அவர் பேசினார்.

ஆகவே, ஆசிரியர்காள், ஒரு கொள்கையின் பிறப்பை உரைத்த அளவில் நில்லாது, அது மெய்யோ என வினாவவும் மாணாக்கரைப் பழக்குக.